27 இன்ச் வாங்கினால் 22 இன்ச் படம்: வீட்டு ஆர்கேட் கேபினட்டுக்கு மானிட்டர் தேர்வு

ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், 1997 வாக்கில், ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. சுவரை ஒட்டி நான்கு மெஷின்கள். அதில் ஒன்றில் எப்போதும் முஸ்தபா ஓடிக்கொண்டிருக்கும். அந்த விளையாட்டின் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்பதோ, 1993-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்டது என்பதோ எங்களில் யாருக்கும் தெரியாது. ஆடத் தேர்ந்தெடுக்கும் நால்வரில் ஒருவன் பெயர் முஸ்தபா. அதனால் கேமும் முஸ்தபா. ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். அண்ணன் காயின் போட, நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்தத் திரையின் வெளிச்சம் அண்ணன் முகத்தில் அடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன வருஷம் அப்படி ஒரு மெஷினை வீட்டிலேயே கட்டினேன். ஆர்கேட் கேபினட் என்பது அந்த மரப்பெட்டிதான். நான் இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் செய்கிறவன். வயரிங் எனக்குச் சாப்பாடு மாதிரி. ஜாய்ஸ்டிக், பட்டன் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. மானிட்டர் முடிவாகத்தான் மூன்று மாதம் ஆனது. இரண்டு மானிட்டர் வாங்கி, ஒன்றை ஒதுக்கிவைத்து, மற்றதில் வந்து நின்றேன். நீங்கள் அந்த மூன்று மாதத்தையும் செலவழிக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. எங்கள் தெரு ஆசாரியிடம் 18 எம்.எம். பிளைவுட் ஷீட்டை இறக்கிவிட்டு, "அண்ணே, அறுத்துடலாமுங்களா?" என்றேன். அவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "தம்பி, மொதல்ல டிவியக் கொண்டாந்து வெய்ங்க. பொட்டி அப்புறந்தான் அடிக்கோணும். டிவி அகலந்தெரியாம நான் எதை அறுக்கறது?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நெட்டில் கிடைக்கும் கேபினட் பிளானைப் பார்த்து மரத்தை அறுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் அடங்கும் மானிட்டரைத் தேடி அலையாதீர்கள். மானிட்டர் கையில் வரட்டும். அதன் வெளி அகலத்தை விளிம்போடு சேர்த்து அளந்து, இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. விட்டு, அப்புறம் ரம்பத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த கேம், எந்த வாட்டம்

மானிட்டருக்கும் முன்னால் முடிவாக வேண்டியது கேம். பத்து கேம் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஆயிரம் கேம் இருக்கும் மெமரி கார்டு வாங்கியிருந்தாலும், வீட்டில் திரும்பத் திரும்ப ஆடப்போவது அந்தப் பத்துதான்.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே படுக்கை அல்லது நெட்டை என்று குறியுங்கள். முஸ்தபா, 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1996-இல் வந்த மெட்டல் ஸ்லக் எல்லாம் படுக்கைப் படம். அகலம் கூடுதல், உயரம் குறைவு. 1980-இன் பேக்மேன், 1981-இன் கலாகா, டாங்கி காங், 1984-இன் 1942 விமான விளையாட்டு எல்லாம் நெட்டைப் படம். அந்தக் காலத்தில் இவற்றுக்கு பிக்சர் டியூபையே ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்திப் பெட்டியில் பொருத்தினார்கள். இரண்டு வகைக்கும் படத்தின் விகிதம் ஒன்றுதான்: படுக்கைக்கு 4:3, அதையே நிமிர்த்தினால் 3:4. இன்றைய மானிட்டரோ 16:9. சிக்கல் இங்கே தொடங்குகிறது.

கடையில் சொல்லும் இன்ச் மூலைக்கு மூலை அளந்தது. 16:9 திரைக்குள் 4:3 படத்தை வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். மிச்சப் படத்தின் மூலை அளவு, மானிட்டர் இன்ச்சை 0.82-ஆல் பெருக்கினால் வருவது. 24 இன்ச் மானிட்டரில் படம் 19.6 இன்ச். 27-இல் 22 இன்ச். 32-இல் 26 இன்ச். படுக்க வைத்த அதே மானிட்டரில் நெட்டைப் படத்தைப் போட்டால் கணக்கு இன்னும் இறங்கும். 0.61-ஆல் பெருக்க வேண்டும். 24-இல் வெறும் 14.7 இன்ச், 27-இல் 16.5 இன்ச். பேக்மேனின் அசல் மெஷினில் இருந்தது 19 இன்ச் டியூப். 24 இன்ச் மானிட்டரைப் படுக்க வைத்து அதில் பேக்மேன் ஆடினால் ஏதோ சின்னதாகிவிட்டது போலத் தோன்றுவது இதனால்தான்.

ஆகவே உங்கள் பத்தில் எட்டு நெட்டை என்றால் யோசிக்கவே வேண்டாம், மானிட்டரை நிமிர்த்தி வையுங்கள். 24 இன்ச்சை நிமிர்த்தினால் நெட்டைப் படம் முழுசாக 19.6 இன்ச்சுக்கு வந்துவிடும். உயரத்தில் 13 செ.மீ. மிஞ்சும். அதைக் கறுப்பு அட்டையால் மூடி, எந்தப் பட்டன் எதற்கு என்று எழுதி ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியும் ஒல்லியாக, அறையின் மூலையில் அடங்குகிற மாதிரி வரும். ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் வீட்டுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

பத்தில் ஐந்து ஐந்து என்றால் படுக்க வைப்பதே நல்லது. சுழலும் மவுன்ட் போடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சுழற்றும் இடத்துக்காகப் பெட்டியை உயரத்திலும் அகலத்திலும் பெரிதாக்க வேண்டும், வயர் முறுக்கும், மானிட்டரைச் சுற்றி மூடும் பலகையைப் போட வழியில்லாமல் போகும். நான் காகிதத்தில் வரைந்து பார்த்த அளவிலேயே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் முஸ்தபாவை மூன்று பேர் சேர்ந்து ஆட வேண்டும், நான், அண்ணன், என் மகள். மூன்று ஜாய்ஸ்டிக் வைத்த பலகையே முக்கால் மீட்டருக்கு மேல் வருகிறது. பெட்டி எப்படியும் அகலம்தான். அப்படியிருக்க மானிட்டரைப் படுக்க வைத்துப் பெரிதாக எடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற கேப்காம் கேம்களின் உள்படம் 384க்கு 224 புள்ளிகள். வகுத்தால் 1.71. 16:9 என்பது 1.78. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் சிலர் படத்தைத் திரை முழுக்க இழுத்துவிட்டு, "பாருங்க, பட்டையே இல்ல" என்பார்கள். ஆனால் அந்தப் படம் வரையப்பட்டது 4:3 டியூபில் பார்க்க. டியூபில் ஒவ்வொரு புள்ளியும் ஒல்லியாக நிற்கும். திரை முழுக்க இழுத்தால் முஸ்தபா தடியனாகிவிடுவான், வட்டமான சக்கரம் முட்டை ஆகிவிடும். பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள்களான ரெட்ரோஆர்ச்சிலோ மேமிலோ விகிதத்தை 4:3-இல் வைத்து விடுங்கள்.

பழைய 19 இன்ச் ஆபீஸ் மானிட்டர்

நான் வாங்கிய முதல் மானிட்டர் இந்த ரகம். 2005, 2008 வாக்கில் எல்லா ஆபீஸிலும் இருந்த 1280க்கு 1024, சதுரம் மாதிரி தெரியும் 5:4 மானிட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை லாட்டாக வந்து அடுக்கியிருக்கும். நான் 1,800 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன்.

கணக்குப்படி இது அற்புதமான பொருள். 4:3 படத்துக்கும் இதற்கும் விகிதம் நெருக்கம். அதனால் 19 இன்ச்சில் 18.5 இன்ச் படம் கிடைக்கும், நிமிர்த்தினால் நெட்டைப் படத்துக்கும் அதே 18.5. அசல் பேக்மேன் டியூபுக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் மலிவான திரை வேறில்லை. மேஜை மேல் வைக்கும் சின்னப் பெட்டிக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டுக்கு வந்து, நிமிர்த்தி வைத்து, கலாகா போட்டேன். எனக்குப் படம் நன்றாக இருந்தது. பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, ஏன் வானம் சாம்பல் கலரா இருக்கு?" என்றாள். எனக்குத் தெரிந்தது கறுப்பு. அவள் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வானம் வெளிறி, பூச்சிகளின் நீலம் பால் ஊற்றின மாதிரி இருந்தது. திரும்பி நடுவில் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், அப்புறம் இன்னொரு கண்ணை மூடி. இடது கண்ணுக்கு ஒரு வெளிச்சம், வலது கண்ணுக்கு இன்னொன்று. அரை மணி நேரத்தில் தலை வலித்தது.

அது டிஎன் பேனல், எல்சிடி திரையில் ஒரு மலிவு வகை. டிஎன் பேனலைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஓரளவு தாங்கும். கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு நெகட்டிவ் மாதிரி ஆகும், மேலிருந்து பார்த்தால் வெளிறும். அதை நிமிர்த்தியதும் அந்த மேல், கீழ்க் குறைகள் இடம், வலம் ஆகிவிடுகின்றன. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு வேறு படம் தெரிவது அதனால். படுக்க வைத்தாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது. ஏனென்றால் கேபினட் முன்னால் நாம் நிற்கிறோம். உயரமானவர் கண் மேலே, குழந்தையின் கண் கீழே.

அதனால் கடையில் நின்றபடியே சோதியுங்கள். போனில் ஒரு அடர்ந்த சாம்பல் நிறப் படத்தைத் தயார் செய்து பென் டிரைவிலோ லேப்டாப்பிலோ எடுத்துப் போங்கள். அதைத் திரை முழுக்கப் போட்டுவிட்டு, குனிந்து கீழிருந்து பாருங்கள். படம் கறுத்து நிறம் புரண்டால் டிஎன். நான்கு பக்கமும் நிறம் நிலையாக இருந்தால் ஐபிஎஸ் அல்லது விஏ என்கிற மற்ற பேனல் வகைகள். விவரத்தாள் இருந்தால் இன்னும் எளிது: பார்வைக் கோணம் 178/178 என்று போட்டிருந்தால் ஐபிஎஸ் அல்லது விஏ, 170/160 என்றால் டிஎன். 19 இன்ச் ஆபீஸ் மானிட்டர்களில் பெரும்பாலானவை டிஎன் தான். பொறுமையாகத் தேடினால் நல்ல பேனல் அகப்படும். 20 இன்ச்சில் 1600க்கு 1200 புள்ளிகள் கொண்ட அசல் 4:3 மானிட்டர்களும் உண்டு. டெல் 2007எஃப்பி அந்த ரகம், பேனலும் டிஎன் அல்ல. லாட்டில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்; 1200 என்பது 240-இன் ஐந்து மடங்கு, பழைய படங்கள் அதில் கச்சிதமாக உட்காரும்.

ஐபிஎஸ்ஸா விஏவா என்று கேட்டால், விஏவில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் இருட்டுப் பின்னணியில் ஓடும் பொருளுக்குப் பின்னால் புகை மாதிரி ஒரு நிழல் இழுக்கும் மாடல்கள் உண்டு. கலாகா ஆடுகிறவருக்கு அது உறுத்தும். ஐபிஎஸ்ஸில் இருட்டு அறையில் மூலைகள் கொஞ்சம் மினுமினுக்கும். நான் ஐபிஎஸ் எடுத்தேன், மூன்று பேர் மூன்று இடத்தில் நிற்கும்போது நிறம் மாறாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். ஓஎல்இடி இந்த வேலைக்கு வேண்டாம். ஸ்கோர் வரி ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும், அது திரையில் பதிந்துவிடும்.

32 இன்ச் டிவி ஆகாதா

மச்சான் கேட்டது இது. "மாப்ள, அதே காசுக்கு 32 இன்ச் டிவி வருது. எதுக்கு 27 இன்ச் மானிட்டர்?" நியாயமான கேள்வி. என் இரண்டாவது சோதனையே வீட்டு ஹால் டிவியில்தான்.

டிவி, உள்ளே வரும் படத்தை அழகாக்குகிறேன் என்று ஏதேதோ செய்துவிட்டுத்தான் திரையில் காட்டும். அந்த நேரம் சினிமாவில் தெரியாது, ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தெரியும். பட்டனை அமுக்கிய பிறகு குத்து விழத் தாமதமாகும். இதை நீங்களே அளக்கலாம். போன் கேமராவில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். விரலும் திரையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி வைத்து, பட்டனைத் தட்டுங்கள். பட்டன் அடிமட்டத்தைத் தொட்ட படத்திலிருந்து திரையில் ஆள் அசையும் படம் வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒரு படத்துக்கு 4 மில்லி செகண்டு சொச்சம். எங்கள் ஹால் டிவியில் சாதாரண நிலையில் 38 படம் வந்தது, அதாவது 160 மில்லி செகண்டுக்குப் பக்கம். கேம் மோடைப் போட்டதும் 24. கேமை ஓட்டும் அதே ராஸ்பெரி பை குட்டிக் கம்ப்யூட்டர், அதே பட்டன், மானிட்டரில் 19. இதில் எமுலேட்டரின் தாமதமும் அடக்கம், அது மூன்றிலும் பொது. வித்தியாசம் மட்டும்தான் திரையுடையது.

கேம் மோடு நன்றாக வேலை செய்யும் டிவி கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் 32 இன்ச் டிவிகளில் நிறையவும் 1366க்கு 768 தான். பக்கத்தில் நின்று பார்க்கும்போது புள்ளி பெரிதாகத் தெரியும். அதோடு, டிவி ஆன் ஆனதும் மெனுவைக் காட்டி, எந்த ஆப் வேண்டும் என்று கேட்கும். கேபினட் என்றால் சுவிட்சைத் தட்டியதும் நேரே விளையாட்டு வர வேண்டாமா?

இதிலிருந்தே என் தொழில் சார்ந்த ஒரு புத்திமதி. மானிட்டர் வாங்கும்போது கடையிலேயே, அது ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். பத்து நொடி கழித்துத் திரும்பச் சொருகுங்கள். தானாக எரிந்து படம் வந்தால் அது கேபினட்டுக்கு ஏற்றது. வராமல், பட்டனை அமுக்கினால்தான் வரும் என்றால் விட்டுவிடுங்கள். கேபினட்டுக்குள் போன பிறகு அந்த பட்டன் பலகைக்குப் பின்னால் போய்விடும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் பின்கதவைத் திறந்து கையை விட வேண்டியிருக்கும். இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கூடவே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 100க்கு 100 எம்.எம். அல்லது 75க்கு 75 எம்.எம். இடைவெளியில் நான்கு ஓட்டை இருக்க வேண்டும். வெசா ஓட்டை என்பார்கள், எம்4 ஸ்க்ரூ போகும். அது இருந்தால் குறுக்கே ஒரு பலகை, நான்கு ஸ்க்ரூ, வேலை முடிந்தது. சில மெல்லிய மானிட்டர்களில் அது இருப்பதில்லை.

எத்தனை புள்ளி வேண்டும்

பழைய ஆர்கேட் படத்தின் உயரம் பெரும்பாலும் 224, 240, அல்லது 256 வரி. அதைப் புது மானிட்டரில் பெருக்கிக் காட்டும்போது முழு எண்ணில் பெருக்கினால் எல்லா வரியும் ஒரே தடிமனாக இருக்கும். 1920க்கு 1080 புள்ளி மானிட்டரில் உயரம் 1080. அதை 224-ஆல் வகுத்தால் 4.82. அப்படியே இழுத்து நிரப்பினால் சில வரி 5 புள்ளி தடிமன், சில வரி 4. நிற்கும் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. படம் நகரும்போது தரை முழுக்க ஒரு அலை ஓடும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதுதான் தெரியும்.

1080 மானிட்டரில் இதற்கு இரண்டு வழி. 4 மடங்கில் நிறுத்தினால் 896, மேலும் கீழும் பட்டை. 5 மடங்கு என்றால் 1120, திரையைவிட 40 புள்ளி அதிகம். கேமின் மேல் 4 வரியும் கீழ் 4 வரியும் வெட்டுப்படும். பழைய டியூபுகளிலும் விளிம்பு கொஞ்சம் மறைந்துதான் இருந்தது, அதனால் இந்த வெட்டு பெரும்பாலான கேமில் உறுத்தாது. 24 இன்ச்சுக்கு 1080 தாராளம்.

27 இன்ச்சில் நான் எடுத்தது 2560க்கு 1440. காரணம் இந்தக் கணக்குதான். 240-ஐ 6-ஆல் பெருக்கினால் சரியாக 1440. பேக்மேன், கலாகா இரண்டும் 288 வரி, 5-ஆல் பெருக்கினால் அதுவும் சரியாக 1440. முஸ்தபாவின் 224-ஐ 6-ஆல் பெருக்கினால் 1344. மேலும் கீழும் ஒரு செ.மீ. சொச்சம் பட்டை, அவ்வளவுதான். படுக்கை, நெட்டை இரண்டையும் ஒரே திரையில் ஆட நினைப்பவருக்கு இந்த அளவு அமைந்தது போல் வேறு அமையவில்லை. படத்தை டியூபில் தெரிவது போல மாற்றும் ஷேடர் என்ற மென்பொருள் வடிகட்டியைப் போடும்போதும் வரிக்கு 6 புள்ளி இருப்பதால் கோடு மிருதுவாக விழுகிறது. 4கே இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஷேடரையும் சேர்த்து இழுக்க ராஸ்பெரி பை திணறும், அதைவிட வலுவான கம்ப்யூட்டர் வேண்டும்.

நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணில், பெரும்பாலான கேம் 60-ஐ ஒட்டியே ஓடுவதால் சாதாரண 60 ஹெர்ட்ஸ் போதும். விதிவிலக்கு சில உண்டு. 1992-இன் மார்ட்டல் காம்பாட் 54.7, 1987-இன் ஆர்-டைப் 55. இவை 60 ஹெர்ட்ஸ் திரையில் லேசாகத் தடுக்கித் தடுக்கி ஓடும். உங்கள் பத்தில் இவை இருந்தால், கேமின் வேகத்துக்கு ஏற்ப திரையின் வேகத்தை மாற்றும் ஃப்ரீசிங்க் வசதியும் 48 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் வீச்சும் உள்ள மானிட்டராகப் பாருங்கள். அதை எடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டரும் வேண்டும். இல்லையென்றால் இதற்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள்.

டியூபே வேண்டும் என்பவர்களுக்கு

இந்தப் பகுதியை விரும்பித்தான் எழுதுகிறேன். அத்தை வீட்டுப் பரணிலிருந்து ஒரு 21 இன்ச் டியூப் டிவியை இறக்கி, ஒரு மாலை முழுக்க முஸ்தபா ஆடிப் பார்த்தேன். எந்த ஷேடரும் அதைத் தொட முடியாது. குண்டு வெடிக்கும்போது அந்த வெள்ளை, கண்ணாடிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆள் ஓடும்போது துளி மங்கல் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் பார்த்த அதே படம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, சேரைக்கூட இழுக்காமல் நின்றபடியே ஆடினான்.

செய்வதென்றால் தெரிந்துகொள்ள வேண்டியவை. நம் ஊர் டிவி PAL (பிஏஎல்) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். ஆர்கேட் 60. டிவியின் மெனுவில் கலர் சிஸ்டம் என்று இருக்கும் இடத்தில் ஆட்டோ அல்லது அமெரிக்க முறையான என்டிஎஸ்சி இருந்தால் 60-ஐ ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி சாக்கெட்டில், ஏவி ஜாக் உள்ள ராஸ்பெரி பை மாடலை நேரே கொடுக்கலாம். எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும், கேமில் அது பெரிய குறை இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சாக்கெட் உள்ள கடைசிக் காலத்து ஃபிளாட் டியூப் கிடைத்தால் படம் இன்னும் தெளிவு. அதற்கேற்ற மாற்றி ஒன்று வேண்டும். 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 இன்ச் இலவச டிவி எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது. மேஜைப் பெட்டிக்கு அளவு சரி; கலர் சிஸ்டத்தை மட்டும் சோதித்துவிட்டு எடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் டியூப் மானிட்டர் வேறு ஜாதி. ஆர்கேட் சிக்னல் 15 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பதினைந்தாயிரம் வரி. கம்ப்யூட்டர் மானிட்டர் பெரும்பாலும் 30-க்குக் கீழே இறங்காது. நேரே கொடுத்தால் படம் வராது.

எடையைக் கணக்கில் எடுங்கள். 21 இன்ச் டியூப் டிவி 20 கிலோவுக்கு மேல் போகும், கனம் முழுக்க முன்பக்கக் கண்ணாடியில். தாங்கும் பலகை இரட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியே முன்னால் கவிழும். இதற்கெல்லாம் மேலாக ஒன்று: டிவியின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றாதீர்கள். கூட்டோடு அப்படியே பெட்டிக்குள் வைத்து, முன்னால் பலகையால் மூடுங்கள். பிக்சர் டியூபின் பக்கவாட்டில், உயர் மின்னழுத்தம் தரும் ஈஹெச்டி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ரப்பர் தொப்பிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும். மின்சாரத்தோடு தினமும் வேலை செய்கிற நானே கூட்டைக் கழற்ற டியூப் டிவி மெக்கானிக் ஒருவரைத்தான் கூப்பிடுவேன்.

துப்பாக்கி வைத்துச் சுடும் விளையாட்டு ஆசை இருந்தால், அந்தக் காலத்துத் துப்பாக்கி டியூபில் மட்டும்தான் வேலை செய்யும். எல்சிடிக்கு கேமரா வைத்த புது ரகத் துப்பாக்கி தனியாக வாங்க வேண்டும்.

நான் ஏன் டியூபில் நிற்கவில்லை? எங்கள் வீட்டில் பெட்டி வைக்க இடம் மாடியில். எங்கள் அகலப் பெட்டிக்கு ஏற்ற 29 இன்ச் டியூபை மாடி ஏற்ற நாலு ஆள் வேண்டும், பழுதானால் திரும்ப இறக்க வேண்டும். தரைத்தளத்தில் இடம் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பொருத்தும்போது

கூட்டைக் கழற்றாமல் பொருத்துவது எல்சிடிக்கும் நல்லது. கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வெளியே அடாப்டர் உள்ள மாடலாகப் பாருங்கள். உள்ளேயே பவர் போர்டு இருக்கும் மாடலைத் திறந்தால் 230 வோல்ட் போர்டு வெளியே தெரியும்படி நிற்கும். அது குழந்தைகள் இருக்கும் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது.

முன்னால் கண்ணாடி போடுவதென்றால் 4 அல்லது 5 எம்.எம். டஃப்பன்டு கண்ணாடி. அளவை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக் கொடுங்கள், டஃப்பன் செய்த பிறகு அதை அறுக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு சார்ட் பேப்பரில் 4:3 அளவுக்கு ஜன்னல் வெட்டி வைத்தால் பக்கப் பட்டையின் மினுமினுப்பு மறைந்துவிடும். நெட்டை கேமும் அந்த ஜன்னலுக்குள்ளேயே அடங்கும். பெட்டியின் முதுகில் மேலே ஒரு 120 எம்.எம். ஃபேன், கீழே காற்று புக ஓட்டை. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் மானிட்டரும் ராஸ்பெரி பையும் சேர்ந்து வேகும்.

சாய்மானத்தைப் பிளானில் இருந்து எடுக்காதீர்கள், நின்று பார்த்து எடுங்கள். நாங்கள் செய்தது இப்படி. ஒரு ஸ்டூல் மேல் மானிட்டரை வைத்து, அடியில் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டைச் சொருகிப் பின்னால் சாய்த்தோம். முன்னால் 95 செ.மீ. உயரத்தில் ஜாய்ஸ்டிக் பலகையை அண்ணன் பிடித்துக்கொண்டான். நான் நின்று ஆடிப் பார்த்தேன், அப்புறம் மகளை ஒரு மணைமேல் நிற்க வைத்து ஆடச் சொன்னேன். டியூப் லைட் கண்ணாடியில் அடித்தபோது சாய்வைக் குறைத்தோம், எனக்குக் கழுத்து இறங்கியபோது கொஞ்சம் கூட்டினோம். இரண்டு பேருக்கும் ஒத்துவந்த இடத்தில் ஆசாரி பக்கப் பலகையை ஒட்டிப் பிடித்து, மானிட்டர் முதுகோடு சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "இதுதான் அளவு தம்பி. டேப்பு வேண்டாம்" என்றார். அந்தக் கோட்டின் மேல்தான் ரீப்பரை வைத்து அறைந்தார்.